டெலெக்ஸ் மாமா படித்த ஸ்பானிஷ்

ஸ்பானிஷ் மொழியின் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் சீண்டாமல், இறந்தகாலத்தை மட்டும் கரைத்துக் குடித்தவர் சென்னை மாநகரத்திலேயே டெலெக்ஸ் மாமா ஒருவர்தான். யாராவது மறுத்தால் சண்டைக்கு வர நான் தயார்.

தொண்ணூறுகளில் தேனாம்பேட்டையில், தோல் பெல்ட் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மாமா, வெளிநாட்டுக்குத் தந்தி மாதிரி செய்தி அடித்து அனுப்பும் டெலெக்ஸ் மிஷினின் ஆபரேட்டர். அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். ஒருநாள் ஃபேக்ஸ் மிஷின் வந்து இறங்கியது. முதலாளி மாமாவைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க வீட்டோட நிம்மதியா இருக்கலாம் சார்" என்றார்.

"ஆத்துல எனக்கு நிம்மதி கிடையாது. நான் போகமாட்டேன்" என்றார் மாமா. "நம்ம பெல்ட்டை வாங்கற பெரிய பையர் ஸ்பெயின்காரன். அவன் பாஷையைக் கத்துக்கறேன்."

முதலாளி சிரித்தேவிட்டார். "தை மாசம் அவர் இங்க வர்றார். அவரோட பேசிட்டீங்கன்னா இருங்க. இல்லேன்னா கிளம்பிடணும்."

மறுநாளே லஸ் முனை பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை போன ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகம் ஒன்று வந்தது. அதில் மாமா எடுத்துக்கொண்டது நாலே பக்கம்: ஒழுங்கான வினைச்சொற்கள், இறந்தகாலம். மீதியை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டார்.

"மத்த காலமெல்லாம் வேண்டாமா மாமா?" என்று கேட்டேன்.

"பையர் நம்மகிட்ட என்ன பேசுவான்? புகார். புகார்ல எதிர்காலம் எங்கேடா வரது? பெல்ட் வந்தது, கட்டினேன், அறுந்தது. எல்லாம் நடந்து முடிஞ்சது."

"ஒழுங்கில்லாத வினைச்சொல்லும் இருக்காமே?"

"முப்பது வருஷமா ஒழுங்கா ஆபீஸ் வந்துண்டிருக்கேன். என்னையே அனுப்பப் பார்க்கறா. ஒழுங்கில்லாததுக்கு இனிமே நான் மரியாதை தரதா இல்லை."

"ஆப்லே, ஆப்லாஸ்தே, ஆப்லோ" என்று பஸ்ஸில் ராகம் போட்டு ஒப்பிப்பார். பேசினேன், பேசினாய், பேசினான். பதினாறாம் வாய்ப்பாடு தோற்றது. கண்டக்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இன்னா பெர்சு, மந்திரம் சொல்லிக்கினு கீற? டிக்கெட்ட வாங்கிக்கினு சொல்லு" என்றார். மாமா அந்த வினைச்சொல்லை முடித்துவிட்டுத்தான் சில்லறையை நீட்டினார். மதியச் சாப்பாட்டு வேளையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை.

தை வந்தது. பையரும் வந்தார், சிவந்த முகத்தோடு. பழுப்பு பெல்ட் கேட்டவருக்குக் கறுப்பு போயிருந்தது. பேக்கிங் லிஸ்ட்டில் மாற்றி அடித்தவன் நான். அது எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் என் வேலை போகும்; வீட்டில் இரண்டு குழந்தைகள்.

முதலாளி மாமாவின் காதருகே குனிந்து, "கப்பல் கம்பெனி தப்புன்னு சொல்லிடுங்க" என்றார்.

மாமா எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்து, "காம்பியே. மாந்தே" என்றார். டெலெக்ஸில் முக்கியமானதைக் கடைசியில் இன்னொரு முறை அடிப்பது வழக்கம்; எதிர்முனையில் சந்தேகமே வரக்கூடாது. மறுபடியும் நெஞ்சைத் தொட்டு, "காம்பியே. மாந்தே" என்றார்.

நான் மாற்றினேன். நான் அனுப்பினேன். அந்த அறையில் பையரைத் தவிர அது புரிந்த ஒரே ஆள் நான்தான்.

பையர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழுப்பு பெல்ட்டைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"கப்பல் கம்பெனின்னு சொல்லிட்டாரா?" என்று முதலாளி என்னிடம் கிசுகிசுத்தார்.

"சொல்லிட்டார் சார்."

மாமாவின் வேலை தப்பியது. என் வேலையும்தான். மாடிப்படியில் அவரை மடக்கினேன். "என் தப்பை நீங்க எதுக்கு மாமா ஏத்துக்கிட்டீங்க? அவன் கோவிச்சுக்கிட்டிருந்தா உங்க வேலைல்ல போயிருக்கும்?"

"கப்பலுக்கு ஸ்பானிஷ்ல என்னன்னு நான் இன்னும் படிக்கலைடா" என்றார். டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. கப்பலுக்கு என்ன சொல் என்று பார்க்க ஸ்டேப்ளர் பின்னைப் பிரித்தால் போதும். நான் பிரிக்கவில்லை. மாமாவுக்கு வேண்டாத சொல் எனக்கும் வேண்டாம்.