தங்கள் தங்கையின் இருபத்து நாலரை சென்டிமீட்டர் கால்

குருமே,
நவம்பர் 14.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் தோமிஜி அவர்களுக்கு, மினெகிஷி ஹிசாவோ தலை தாழ்த்தி எழுதுவது.

காலையில் வாயைத் திறந்தால் புகை தெரிகிற பருவம் வந்துவிட்டது. உகிஹா மலையடிவாரத்தில் இன்னும் குளிராக இருக்கும். தங்கள் தோட்டத்துப் பெர்சிமன் பழங்களைப் பறித்து முடித்தாயிற்றா, காக்கைகள் இந்த ஆண்டாவது தயவு காட்டினவா என்று அறிய ஆவல். தாங்கள் அன்போடு அனுப்பிய பழப்பெட்டி வந்து சேர்ந்தது. பதினாறில் பதினொன்றை நானே தின்றுவிட்டதாகத் தங்கள் தங்கை கஸுயோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒன்பதுதான்.

நிற்க. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பெண் பார்க்க வந்த அன்று, தேநீர் ஆறுவதற்குள் தாங்கள் என்னைத் தனியே அழைத்து, "மாப்ள, மறைக்க விரும்பல. தங்கச்சிக்குக் கால் கொஞ்சம் பெரிசு. இருபத்து நாலரை. மன்னிக்கணும்" என்று குனிந்து வணங்கினீர்கள். நானும் பெருந்தன்மையாக, "அதனால என்னங்க, நான் ஷூ தொழிற்சாலையிலதானே இருக்கேன், விக்காத பெரிய சைஸ் எப்பவும் மிச்சம் கிடக்கும்" என்று சொன்னேன். அந்த மன்னிப்பை இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தேன். சென்ற வியாழக்கிழமை முதல் அதை வைத்திருக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் யார் என்பது தங்களுக்குத் தெரியும். அறுபது பேர் வேலை செய்த சின்ன ரப்பர் ஷூ தொழிற்சாலையில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் சோல் சோதனை அறையில் இருந்தவன். சொரசொரப்பான பட்டையில் சோலை வைத்து, முன்னும் பின்னும், முன்னும் பின்னும், ஒன்பதாயிரம் முறை தேய்ப்போம். தாங்கினால் முத்திரை குத்துவேன். கடைசி பதினோரு ஆண்டுகள் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற பொறுப்பும் என்னிடமே இருந்தது. டென்னிஸ் ஆடுகிற பெண்கள் திருப்பி அனுப்பிய ஷூக்கள் மாதாமாதம் வரும். குதிகால் கழன்று கழன்று வருகிறது என்பார்கள், சுண்டுவிரல் நசுங்குகிறது என்பார்கள், கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது என்பார்கள். அத்தனை பேருக்கும் நான் எழுதிய பதில் ஒன்றுதான்: "தங்கள் ஷூவைக் கவனமாகப் பரிசோதித்தோம். ஷூவில் குறையில்லை." அப்படியானால் குறை எதில் என்பதை மரியாதை கருதி எழுதாமல் விட்டுவிடுவேன். பெண்கள் ஷூ என்று நாங்கள் செய்ததும் என்ன? ஆண்கள் ஷூவின் அச்சைச் சுருக்கு, ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று போடு, அவ்வளவுதான். இதில் எனக்கு அன்று ஒரு வெட்கமும் இல்லை.

கஸுயோ டென்னிஸ் ஆடுகிறாள் என்பது தெரியும். மழை பெய்தால் ஆட்டம் இல்லை என்பது தெரிகிற அளவுக்குத் தெரியும். ஆட்டமெல்லாம் வியாழக்கிழமை பகலில், கணவன்மார் வேலையில் இருக்கும் நேரத்தில் நடப்பது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. ஏப்ரலில் ஓய்வு பெற்ற பிறகும் அவள் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அழைத்தது ஹட்சுயே அம்மாதான். அவர்தான் அவளுடைய இரட்டையர் ஜோடி. பஞ்சாங்கம் பார்க்காமல் மழையைச் சொல்கிற வாய். "அண்ணே, நாலு தடவை இறுதி ஆட்டத்துல தோத்துருக்கோம். நான் ஜனவரி மாசம் மக வீட்டோட சப்போரோவுக்கே குடி போறேன். இதான் நாங்க சேர்ந்து ஆடுற கடைசி ஆட்டம். வந்து கை தட்டுங்க. இல்லாட்டி வந்து சும்மாவாவது நில்லுங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். கஸுயோ அடுப்பில் எதுவோ பொங்குவதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

மச்சான், இனிமேல்தான் என் பாவம் தொடங்குகிறது. வியாழன் காலை அவள் சமையலறையில் சோற்றுருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். வாசல் நடையில் அவளுடைய டென்னிஸ் ஷூ, முனை தெருப்பக்கம் பார்க்க, ஒழுங்காக இருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுப் பழக்கம், கை சும்மா இருக்குமா? எடுத்துப் பார்த்தேன். பார்த்தால் அடுக்கடுக்காகக் குறைகள்! இடது ஷூவில் லேஸ் இரண்டாவது ஓட்டையை விட்டுத் தாண்டிப் போயிருக்கிறது. மேலே கணுக்காலை ஒட்டிய கடைசி ஓட்டையில் லேஸ் ஒரு வளையம் போட்டுத் திரும்பி இழுத்துக் கட்டியிருக்கிறது, எந்தக் கையேட்டிலும் இல்லாத முறை. குதிகால் பக்கம் உள்ளே, பாத்திரம் தேய்க்கிற நீல ஸ்பாஞ்சைப் பிறை வடிவத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறது. என் மனைவி இறுதி ஆட்டத்துக்குப் போகிற ஷூ இது! பாவம், அவளுக்கு லேஸ் கோக்கத் தெரியவில்லை, நான் கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்று நெஞ்சு இளகிப்போய், எல்லா ஓட்டையிலும் இரு பக்கமும் சமமாக, தொழிற்சாலை முறைப்படி கோத்துவிட்டேன். ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். அன்றைக்கு எரிக்கும் குப்பை எடுக்கிற நாள். பசை ஒட்டிய ஸ்பாஞ்சு எரிக்கும் குப்பையா, பிளாஸ்டிக்கா என்று பேட்டையின் அட்டவணையைக் கால் மணி நேரம் ஆராய்ந்து, எரிக்கும் குப்பை என்று முடிவு கட்டி, வண்டி கிளம்புவதற்குள் ஓடிப் போய்ப் போட்டுவிட்டும் வந்தேன். அன்று காலை என்னைப் போல நல்ல கணவன் இந்த ஊரில் இல்லை என்றே நினைத்தேன். அவள் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு ஹட்சுயே அம்மாவோடு பஸ்ஸில் போனாள். நான் சைக்கிளில் பின்னால் போனேன்.

மணல் தூவிய செயற்கைப் புல் தரை. எதிரே தோசு ஊர் ஜோடி, இரண்டு பேரும் நம்மவர்களைவிடப் பத்து வயது இளையவர்கள். நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதல் கேம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. கஸுயோவின் கால் தரையிலிருந்து எழும்பவே இல்லை. வருகிற பந்தை விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதும் போனதும் பெஞ்சில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினாள். கவிழ்த்துத் தட்டினாள். உள்ளே கையை விட்டுக் குதிகால் பக்கம் தடவினாள். அப்போதுதான் என் தலையில் இடி இறங்கியது. பதினோரு ஆண்டுகள் படித்த அத்தனை கடிதங்களும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. குதிகால் குறுகலாகவும் முன்பாதம் அகலமாகவும் இருக்கிற கால் அது! ஆண் அச்சைச் சுருக்கினால் குதி தொளதொளக்கும், முன்னால் நசுக்கும். அந்த ஸ்பாஞ்சு குதிகாலைப் பிடிக்க. தாண்டிய ஓட்டை கட்டைவிரல் மூட்டின் புடைப்புக்கு இடம் விட. மேலே அந்த வளையம் கால் முன்னால் சறுக்காமல் இருக்க. அவள் வெட்டிச் சரிசெய்து வைத்ததை நான் குறை என்று நினைத்துப் பிய்த்து எறிந்திருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுக் கனவை எரிக்கும் குப்பையில் போட்டுவிட்டேன் மச்சான்!

"கஸுயோ! ஸ்பாஞ்சைப் பிச்சது நான்தான்! லேஸையும் நான்தான்!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன்.

மார்பில் அட்டை குத்திய ஒல்லியான நடுவர் ஒருவர் ஓடி வந்தார். "ஐயா, வெளியிலேர்ந்து ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது."

"யோசனை இல்லீங்க. குத்தத்தை ஒத்துக்கறேன்."

"அதுக்கும் அனுமதி இருக்கறதாத் தெரியல" என்று சொல்லி, அவர் உண்மையிலேயே விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

தோசு அம்மாள் ஒருவர், "எந்த ஸ்பாஞ்சு?" என்று கேட்டார். ஹட்சுயே அம்மா, "அது அவங்க குடும்ப விஷயம்மா, நீங்க தண்ணி குடிங்க" என்றார்.

கஸுயோ எழுந்து நேராக வேலியோரம் வந்தாள். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "என்னங்க, உங்க இடது காலுறையைக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"பேசாம குடுங்க. நேரமாகுது."

கழற்றிக் கொடுத்தேன். சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். மடித்துக் குதிகாலில் வைத்துக்கொள்ளத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது, கண் கலங்கிவிட்டது. நவம்பர் காற்றில் ஒரு கால் வெறுங்காலாகச் செருப்பில் நின்றுகொண்டு, அதற்குப் பிறகு நடந்ததை மூச்சு விடாமல் பார்த்தேன்.

எப்படிச் சொல்வேன்? சோலை முன்னும் பின்னும் தேய்த்தவன் நான். அவள் முன்னும் பின்னும் போகவே இல்லை! பக்கவாட்டில் போகிறாள். மணலில் ஒரு முழம் சறுக்கி, வெளி ஓரத்தில் கால் ஊன்றி நிற்கிறாள், நின்ற வேகத்திலேயே எதிர்ப்பக்கம் பாய்கிறாள். ஷூவின் மேல்துணி சாய்கிறது, உள்ளே கால் சாயவில்லை. சர்வீஸ் போடும்போது வலது கட்டைவிரலின் உள்பக்கம் தரையில் இழுபட்டு வருகிறது, ஒவ்வொரு முறையும், அதே இடத்தில். அந்த ஓட்டை! மாதாமாதம் எனக்கு வந்த அதே ஓட்டை! சோம்பேறித்தனமாகக் காலை இழுத்து நடக்கிறார்கள் என்று நான் நினைத்த பெண்கள் எல்லாம் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்களா? ஒரு மணி நேரத்தில் அந்த இரண்டு கால்கள் தரைக்குச் செய்ததை என் இயந்திரம் நாற்பத்திரண்டு ஆண்டுகளில் செய்யவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், "அது என் மனைவி" என்றேன். அவர், "தெரியும், இதோட ஆறு தடவை சொல்லிட்டீங்க" என்றார்.

மூன்றுக்கு மூன்று ஆனது. நான்கிற்கு நான்கு ஆனது. பிறகு ஐந்துக்கு நான்கு, நம் பக்கம்; ஆறாவது கேமையும் எடுத்தால் வெற்றி. கடைசிப் புள்ளியில் தோசுக்காரர்கள் வலையருகே நின்ற ஹட்சுயே அம்மாவின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கி அடித்தார்கள். அது போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தோம். கஸுயோ இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடினாள். அறுபத்து மூன்று வயது மச்சான், காலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள்! பந்தைத் தாண்டிப் போய், மணல் தெறிக்கச் சறுக்கி, இடது காலை ஊன்றி நின்றாள். நின்றது நின்றதுதான், மலை மாதிரி. திரும்பி அடித்தாள். இருவருக்கும் நடுவில் புகுந்து போயிற்று பந்து. ஹட்சுயே அம்மா மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "போடி பாவி, இத முந்தியே அடிச்சிருக்கக் கூடாதா, நாலு வருஷம் அழ வெச்சியே" என்று அழுதார். இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள். நான் வேலிக்கு வெளியே தனியாக அழுதேன். விதிப் புத்தகத்தில் அதற்குத் தடை இல்லையாம், நடுவரே சொன்னார்.

ஆகவே, மதிப்புக்குரிய மைத்துனரே, தாங்கள் அன்று கேட்ட மன்னிப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதோடு என்னுடையதையும் சேர்த்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் காலைப் பொறுத்துக்கொள்வதாக நினைத்தவன் நான். அதன் பக்கத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் செருப்பு விடக் கொடுத்து வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. இனி அவளுடைய ஷூவை விரலாலும் தொடமாட்டேன். இறுதி ஆட்டத்தில் முதல் மூன்று கேமையும் தோற்கடித்தவன் நான், பிறகு ஆறு கேமை ஜெயிக்க வைத்தது என் காலுறை என்பது ஒன்றே என் ஆறுதல். அடுத்த வியாழனும் பார்க்கப் போக வேண்டும் என்று உயிர் துடிக்கிறது. கேட்கத்தான் பயம்.

அண்ணியாரின் இடுப்பு வலி குறையட்டும். தோட்டத்தில் ஆலங்கட்டி விழாமல் இருக்கட்டும். வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவருக்கும் என் வணக்கம்.

என்றும் பணிவுடன்,
மினெகிஷி ஹிசாவோ

பின்குறிப்பு: தங்கள் பின்கோடு மறந்துபோய்க் கஸுயோவிடம் கேட்டேன். கடிதத்தை வாங்கி முழுவதையும் படித்துவிட்டாள். நடுவில் இரண்டு முறை எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். ஷூவை யாரோ நோண்டியிருப்பது பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டதாம். "சரிபார்க்காத ஷூவைப் போட்டுக்கிட்டு யாராவது இறுதி ஆட்டம் ஆடுவாங்களா?" ஸ்பாஞ்சு எப்போதும் பையில் மூன்று வெட்டி வைத்திருப்பாளாம். இறங்குவதற்குள் லேஸையும் மாற்றிக் கோத்துவிட்டாளாம். பெஞ்சில் ஷூவைக் கழற்றியது மணலைக் கொட்டத்தானாம். காலுறையை உள்ளே வைக்கவே இல்லை, அது பந்துப் பையில் கிடக்கிறது. "பின்ன எதுக்குக் கேட்டே?" என்றேன். "ஏதாவது வேலை குடுத்தாத்தானே நீங்க கத்தறத நிறுத்துவீங்க." அப்படியானால் அந்த முதல் மூன்று கேம் ஏன் போயிற்று என்று கேட்டேன். பின்கோட்டைத் தானே உறையில் எழுதினாள். பிறகு, தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்கல்ல. கால் வரல." இனி வரமாட்டேன் என்றேன். "வாங்க. பயிற்சிக்கும் வாங்க. பழகினாத்தான் வரும்."