கிளாவரை லைன்

முட்டிக்குள் யாரோ உளி வைத்து அடிப்பது மாதிரி இருந்தது. கிளாவரையின் கடைசி மேட்டில் நின்று சுப்புராஜ் மூச்சு வாங்கினான். இந்த வலியால் ரெண்டு வருசமாக அவன் ஊருக்குள் ஏறவே இல்லை. பஸ் நிற்கிற இடத்திலேயே கேபிள் பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். நாற்பது வீடும் மாசம் தவறாமல் கொடுத்தன.

இன்றைக்கு ஏற வேண்டிய சோலி. கட்டுப்படியாகாமல் கேபிளை மூடப்போகிறான். வயரைச் சுருட்டிப் பழைய சாமான்காரனிடம் போட்டால்தான் முட்டிக்கு வைத்தியம்.

ஆனால் ஊர் சும்மா விடுமா? டிஷ்காரன் மூணு தடவை வந்தான். "கூரை மேல டிஷ் வச்சா இடி நேரா அதுலதான் எறங்கும்" என்று ஊரைக் கிளப்பிவிட்டு மூணு தடவையும் விரட்டியவன் சுப்புராஜ். செல்போனுக்கும் இங்கே டவர் எடுக்காது. வெட்டிப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

பூண்டு அறுவடை முடிந்த நேரம். முதல் வீட்டு வாசலில் ஆனந்தி பூண்டைத் தாளோடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"தாயி, லைன்ல கோளாறு. ரெண்டு நாளைக்கு டிவி வராது."

"சரிங்கண்ணே."

அவ்வளவுதான். திட்டுக்கூட இல்லை. அடுத்த வீட்டு வீரையாவிடம் கொஞ்சம் கூட்டிப் பார்த்தான்.

"அண்ணே, ஒரு மாசம் ஆகும்போல."

"ஆகட்டும்ப்பா. வெரசா முட்டிய காட்டி வைத்தியம் பாரு."

சுப்புராஜுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருசம் மழையிலும் அட்டைக்கடியிலும் இழுத்த லைன்! தெரு நடுவில் நின்று கத்தினான்.

"இனிமே கெளாவரைக்கு டிவியே கெடையாது! மூடியாச்சு!"

ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

"டீ குடிக்கிறியாப்பா?" என்றார் வீரையா.

கோபத்தில் கட்டிங் பிளேயரை எடுத்து, ஆனந்தி வீட்டுக் கூரை இறவாணத்தை ஒட்டி ஓடிய வயரை ஒரே வெட்டு.

ஊர் கொதித்துவிட்டது. சந்துக்குச் சந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் எதிர்வீட்டுப் பெருமாயி, கையில் கதிரருவாள்.

"ஏலே சுப்பு, வயர விடு! இன்னொரு தடவ தொட்ட, கை இருக்காது!"

சுப்புராஜுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பிரியமா! முட்டி வலியே மறந்துபோனது.

"மன்னிச்சிருங்கக்கா. என் டிவி மேல இம்புட்டு ஆசைன்னு தெரியாமப் போச்சே! மூடல. வீட்ட வித்தாவது லைன ஓட்டுறேன், சத்தியம்!"

ஆனந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்டுப்பட்ட வயரிலிருந்து சரிந்து விழுந்த பூண்டுக் கட்டுகளை வீரையா ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"கீழ சோலைக்குள்ள காட்டுமாடு ஒன் வயர அறுத்து ரெண்டு வருசமாச்சுப்பா. சொன்னா நீ சுருட்டிட்டுப் போயிருவன்னு யாரும் சொல்லல. கயிறு நைஞ்சிருது, கம்பி துருப்பிடிக்குது. பூண்டு தொங்கவிட ஒன் வயரு மாதிரி வராது."

சுப்புராஜ் அப்படியே படியில் உட்கார்ந்தான்.

"அப்ப மாசாமாசம் குடுத்த காசு?"

"கொடிக்கு வாடகை. அதுல ஒத்தப் பைசா பாக்கியில்ல," என்றாள் பெருமாயி, அருவாளை இடுப்பில் செருகிக்கொண்டே. "நீதான் பாக்கி. வயரு அறுந்த அன்னிக்கு டிவி நாடகத்துல கடைசி நாளு. மாமியாகாரிக்கு வெசம் வச்சது யாருன்னு ஊருக்கு இன்னும் நீ சொல்லல!"