கஞ்சிக் கிடாரமும் ராணியின் சாட்சியமும்

களவு நடந்த இடத்தில், பொலிஸ் நாய் வந்து மோந்து முடிக்கும்வரை எவரும் எதையும் தொடக்கூடாது. இது விதி. அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் நான். (இதையே என் மனைவி வேறு தொனியில் சொல்வாள்.)

ஓய்வுபெற்ற பிறகு, அலவத்துகொடையில் எங்கள் பள்ளிவாசலுக்குச் செயலாளரானேன். ரமழானின் தலை நோன்புக்கு முதல் நாள் காலை, பள்ளிவாசல் சமையலறைப் பூட்டு உடைந்து கிடந்தது. ஊருக்கே நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய செம்புக் கிடாரத்தைக் காணவில்லை. சமையல்கார மஹ்ரூப் நானாவையும் காணவில்லை. அவருடைய போனும் ஊமையாகிவிட்டது. என் தலைக்குள் வழக்கு முடிந்தது. தீர்ப்பு எழுதுவதுதான் பாக்கி.

"மஹ்ரூப் நானா அப்பிடிப்பட்ட ஆளில்ல, ஹாஜியார்," என்றார் பாங்கு சொல்லும் மோதினார்.

"அத நாய் சொல்லட்டும்," என்றேன்.

ஒரு பாத்திரத்துக்கெல்லாம் நாய் அனுப்ப மாட்டோம் என்றார்கள் பொலிஸில். எந்தச் சுற்றறிக்கையின் கீழ் மறுக்கிறீர்கள் என்று கேட்டேன். நாய் வந்தது.

நாயின் பெயர் ராணி. கயிற்றைப் பிடித்து வந்தவர் சார்ஜன்ட் செல்வராஜ், புசல்லாவைப் பக்கத்துக்காரர்.

"பூட்ட யாராச்சும் தொட்டாங்களா சேர்?"

"ஒருவரும் தொடவில்லை," என்றேன், எழுத்துத் தமிழிலேயே.

பூட்டில் தூசி படக்கூடாது என்று காலையிலிருந்து அதை, முகம் துடைக்கும் என் லேஞ்சியால் சுற்றி வைத்திருந்தவன் நான்தான். ஜீப் சத்தம் கேட்டதும் லேஞ்சியை அவிழ்த்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்த 'ஒருவரில்' நான் என்னைச் சேர்க்கவில்லை. (விதியை அமுல்படுத்துகிறவனுக்கும் விதி உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.)

ராணி பூட்டை மோந்தது. தெருவில் இறங்கியது. பின்னால் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வராஜ், அவர் பின்னால் நான், என் பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால் ஜீப். மஹ்ரூப் நானாவின் வீடு வலப்பக்கம். ராணி இடப்பக்கம் திரும்பியது. "குறுக்கு வழியால போகுது," என்று கூட்டத்துக்கு விளக்கினேன்.

ராணி என் வீட்டு கேற்றுக்குள் நுழைந்தது.

"யா அல்லாஹ்! நாய உள்ளுக்கு உடாதீங்க! நோன்புக்கு இப்பதான் வூடு கழுவின!" என்று மனைவி தும்புத்தடியோடு ஓடி வந்தாள்.

ராணி நான் உட்காரும் கதிரையை மோந்தது. திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தது. ஒரே ஒரு தரம் குரைத்தது.

"ஹாஜியாரா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். மோதினார் நிலத்தைப் பார்த்தார்.

செல்வராஜின் குரல் மாறியிருந்தது. "சேர், கொஞ்சம் ஜீப்புல ஏறுங்க. வாக்குமூலம் ஒண்ணு எடுக்கணும்."

ஊரார் வாக்குமூலங்களுக்கெல்லாம் எழுத்துப்பிழை திருத்தியவன் நான். இப்போது ஒரு விதிகூட நினைவுக்கு வரவில்லை. ஜீப்பில் ஒரு காலை வைத்தேன். அப்போதுதான் லொறி ஹோர்ன் கேட்டது.

லொறியில் எங்கள் கிடாரம், பதினான்காம் பிறை போல் மினுங்கியது. பக்கத்தில் மஹ்ரூப் நானா.

"என்ன ஹாஜியார், ஆள் கூட்டி வெச்சீக்கிறீங்க? ஈயம் பூசணும்டு கூட்டத்துல தீர்மானம் போட்டது நீங்கதானே? விடிய லொறி வந்திச்சி. பூட்டுத் திறப்பு ஒங்ககிட்ட. நீங்க சுபஹுத் தொழுகைக்கே வரல்ல. கடுகண்ணாவைக்குப் போற லொறிக்காரன் நிக்க மாட்டேன்டான். உடச்சேன். போனுலயும் சார்ஜ் இல்ல."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஊர் நினைத்தது. உண்மையில், விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்தேன். நெற்றி வியர்வையைத் துடைக்க லேஞ்சியை எடுத்தேன். ராணி மறுபடி குரைத்தது.

செல்வராஜ் லேஞ்சியைப் பார்த்தார், கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். "ராணி பிழை விடல்ல சேர்," என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறுநாள் மஹ்ரூப் நானா என் கோப்பைக்கு இறைச்சி அதிகமாகவே போட்டார். அதைவிட ருசியான கஞ்சியை நான் குடித்ததில்லை. ஆனால் இன்றும் வீட்டில் மூக்குக்கண்ணாடி காணாமல் போனாலும் சரி, கத்தரிக்கோல் காணாமல் போனாலும் சரி, மனைவி என் முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு தரம் குரைக்கிறாள். பேரப்பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.

நாய் என்னை அடையாளம் காட்டியதாக உள்ள குறிப்பை நீக்கும்படி பொலிஸுக்கு எழுதினேன். நினைவூட்டல்களும் அனுப்பினேன். "குறித்த நாய் சேவையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டதால், அதன் சாட்சியத்தைத் திருத்த இயலாது" என்று பதில் வந்தது இந்த வருடம், தலை நோன்புக்கு முதல் நாள், கிடாரம் மறுபடி ஈயம் பூசப் போயிருந்த அன்று.