ஊதி வளர்த்த பெட்டிகள்

காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஆளுக்கொரு தகரப் பெட்டி. சிலருக்குக் கக்கத்தில், சிலருக்கு மடியில், ஒரு பெரியவருக்குத் தலையில். இரண்டாவது மாடியில் ஊதல் ஐயா பெட்டி மேல் மூன்று முறை ஊதுவார். ஊதினால் உள்ளே இருக்கும் பணம் தொண்ணூறு நாளில் இரட்டிப்பாகும்.

சிரிக்காதீர்கள். வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. வங்கிக் காசாளர் நின்றார். ஊரார் பணத்தை வங்கியில் போடச் சொல்லிவிட்டுத் தன் பணத்தை ஊதக் கொண்டுவந்திருந்தார். கணக்கு வாத்தியார் நின்றார். கூட்டலில் ஒரு சைபர் தவறினால் பிள்ளைகளை முட்டிபோட வைப்பவர். சீருடையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரரும் நின்றார்.

ஊதல் ஐயா முன்பு டயர் கடையில் காற்றடித்தவர். அந்தக் காலத்தில் அவர் அடித்த காற்றுக்கு டியூப் மட்டும்தான் பெருத்தது. பிறகு ஒருநாள் திடீரென்று ஞானம் வந்ததாம். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அது சந்தேகம். சந்தேகப்பட்டால் பணம் சுருங்கிவிடும். அதுதான் ஐயா போட்ட முதல் விதி, நல்ல வசதியான விதி.

அவர் மனைவி தையல்காரி. பெட்டிக்காரர் கண் முன்னால் பெட்டியை வெள்ளைத் துணியில் பொதிந்து, சுற்றிலும் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. பூட்டைத் திறக்கலாம், முத்திரையை ஒட்டலாம், அவள் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி அதேபோல் தைக்க இந்த ஊரில் ஆளில்லை என்று ஐயா மேடையிலேயே சொல்வார். அவள் இடது கைக்காரி. சின்ன வயதில் அந்தக் கைக்காக வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. அதே கையைப் பார்த்து நூறு பேர் கும்பிட்டபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது உண்மை. மூன்று வருடமாக அவள் புருஷனை முழுசாக நம்பினாள்.

தைத்த பெட்டி 'வளர்ப்பு அறை'க்குள் போகும். அதற்கப்புறம் தைத்தவள் கண் அதன் மேல் படக்கூடாது, பட்டால் வளர்ச்சி நின்றுவிடும். அது இரண்டாவது விதி. தொண்ணூறாம் நாள் ஐயாவே பிளேடால் சரக்கென்று கிழிப்பார். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கைதட்டல் சத்தத்தை மட்டும் கேட்பாள். இரட்டிப்பான பணத்தைப் பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், "அப்படியே இன்னொரு தடவை ஊதிடுங்க ஐயா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பேராசைக்கு ரசீது கிடையாது.

அப்படியிருக்கையில்தான் தையல்காரியின் தங்கை வந்து நின்றாள். பஸ் கண்டக்டர். வாயும் கணக்கும் கூர்மையானவள். இந்த ஊதலில் அவளுக்கு நம்பிக்கையே இல்லை. அக்கா சொன்னாளே என்று, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் புருஷனின் கால் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணத்தைப் பெட்டியில் போட்டிருந்தாள்.

"அக்கா, டாக்டர் இந்த வாரமே பண்ணணும்னு சொல்லிட்டார். தள்ளிப்போட்டா காலையே எடுக்கணுமாம். இரட்டிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் போட்டதக் குடுங்க போதும்."

ஐயா கண்ணை மூடினார். "நாப்பது நாள்தான் ஆகுது. இப்ப பிரிச்சா பாதிதான் இருக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

மதியம் ஐயா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டார். ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் சாவி இருந்தது. தையல்காரி எடுத்துக்கொண்டு போனாள். கண்ணை மூடிக்கொண்டே தங்கையின் பெட்டியைத் தூக்கி வந்துவிடலாம் என்பது அவள் திட்டம். பார்க்காவிட்டால் விதி மீறியதாகாதே! அவ்வளவு நம்பிக்கை. ஆனால் அடுக்கடுக்காக இருநூறு பெட்டி இருக்கும் அறையில் கண்ணை மூடிக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? திறந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது தையல். இடது கையால் தைத்தால் நூல் ஒரு பக்கம் சாயும், வலது கையால் தைத்தால் எதிர்ப்பக்கம் சாயும். ஊசி பிடித்த எவருக்கும் தெரியும். அங்கே இருந்த அத்தனை பெட்டியிலும் நூல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

எழுப்பிக் கேட்டாள். ஐயா அசரவில்லை. "பணம் வளரும்போது உள்ளேருந்து ஒரு திருகல் வரும். அதுல நூலும் திரும்பிக்கும். உனக்கெங்கே புரியும்?"

நம்பிவிட ஆசையாகத்தான் இருந்தது. நம்பிவிட்டால் எவ்வளவு நிம்மதி! ஆனால் ஏழு தையலுக்கு ஒருமுறை ஒரு இரட்டைக் குத்து விழுந்திருந்தது. அது அவளுடைய வழக்கம். அதை அவள் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த ஆளுக்கு வலது கைப் பழக்கம்.

அடுக்களையில் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிப்பில் கடைசி வருடம்.

"நீயாடி தைச்சே?"

பாத்திரம் கை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. "அப்பாதாம்மா சொன்னாரு. அம்மாக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாள்னு. என் படிப்புக்கு வேற வழியே இல்லன்னாரு."

"சித்தி பெட்டியையும் நீதான் பிரிச்சியா?"

மகள் விம்மிக்கொண்டே தலையாட்டினாள். தையல்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெளியே சொன்னால் மகள் கையில் விலங்கு. சொல்லாவிட்டால் தங்கை புருஷனுக்குக் கால் போகும், அடுத்த மாதம் இன்னும் யார் யாருக்கோ என்னென்னவோ போகும். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மகளே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நானும் வர்றேம்மா" என்றாள்.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. ஐயா வாயைக் குவித்துத் தயாராக நின்றார். தையல்காரி மேஜை மேல் இரண்டு காலிப் பெட்டிகளை வைத்தாள்.

"எல்லாரும் கிட்ட வாங்க. ஒண்ண நான் தைக்கிறேன். ஒண்ண என் பொண்ணு தைக்கிறா."

தைத்தார்கள். ஒன்றில் நூல் இப்படிச் சாய்ந்தது, மற்றதில் அப்படிச் சாய்ந்தது. கணக்கு வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஆமா, வேற வேறதான்" என்றார்.

"உங்க பெட்டியெல்லாம் உங்க கண்ணு முன்னாடி நான் இந்தக் கையாலதானே தைச்சேன்? உள்ள போய்க் கொண்டாங்க. எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க."

ஐயா பாய்ந்தார். "தைச்சவ கண்ணு படக்கூடாது! எல்லாம் சுருங்கிடும்!"

"படாதுங்க" என்றாள் அவள். ஒரு துணித் துண்டை எடுத்துத் தன் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நான் பார்க்கல. அவங்கவங்க பணம், அவங்கவங்க பார்க்கட்டும்."

இதற்கு ஐயாவிடம் விதி இல்லை. காசாளர் ஓடிப்போய்த் தன் பெட்டியைக் கொண்டுவந்தார். நூல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கிழித்தார். உள்ளே நோட்டு அளவுக்கு அழகாக நறுக்கிய பழைய செய்தித்தாள். அதற்கப்புறம் கூடத்தில் கிழியும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இருட்டுக்குள் நின்றுகொண்டு அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். வலிப்பதுபோல் இருந்தது.

"நான்தான் தைச்சேன்" என்று மகள் உரக்கச் சொன்னாள்.

ஐயா பின் படிக்கட்டு வழியாக நழுவப் பார்த்தார். போலீஸ்காரர் எட்டிப் பிடித்தார். தன் பெட்டியைப் பிரித்த பிறகுதான் அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

ஐயா சிறைக்குப் போனார். அங்கே மூன்று வேளையும் சாப்பாடு. வெளியில் இருந்தவர்களுக்குத்தான் தண்டனை. மகள் வழக்கில் இரண்டாவது ஆள். ஜாமீனில் வந்தாள், படிப்பிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். தையல்காரி தையல் மெஷினையும் இருந்த துணியையும் விற்றுத் தங்கை கையில் கொடுத்தாள். ஆபரேஷன் பதினாறு நாள் தாமதமாக நடந்தது. கால் தப்பியது, முழங்கால் மடங்குவதில்லை. தங்கை இன்னும் பேசவில்லை. அதில் நியாயம் இருக்கிறது என்று தையல்காரிக்கே தெரியும்.

தெருவில் அவளைத் திட்டாதவர் இல்லை. ஏமாற்றியதற்காக என்றா நினைக்கிறீர்கள்? பெட்டியைப் பிரிக்க வைத்ததற்காக! "கொஞ்சம் பொறுத்திருந்தா வளர்ந்திருக்கும். இவ சந்தேகப்பட்டுச் சுருக்கிட்டா" என்று தண்ணீர்க் குழாயடியில் சத்தியம் செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒற்றை அறையில் அம்மாவும் மகளும் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் தகரப் பெட்டி.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அடுத்த தெருவுல புதுசா ஒருத்தர் வந்திருக்கார். இவர் ஊதறதில்ல, முறைச்சுப் பார்ப்பாராம். நாப்பத்தஞ்சே நாள்தான். ஆனா பெட்டியைச் சுத்தமான கைதான் தைக்கணும்னு சொல்லிட்டார். ஊர்ல உங்கள விட்டா வேற யார் கை சுத்தம்?"

மகள் தலையைத் தூக்கவில்லை. தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"தைக்க மாட்டேன் வாத்தியாரே. ஒண்ணு மட்டும் சொல்றேன். உங்க மூளைக்கு உறை தைச்சது என் புருஷனும் இல்ல, நானும் இல்ல. நீங்களே தைச்சுக்கிட்டீங்க. வீட்டுக்குப் போய் மொதல்ல அதப் பிரிச்சு, உள்ள ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. பழைய பேப்பரா இருந்தாலும் பரவாயில்ல. அதுலயாவது படிக்க நாலு எழுத்து இருக்கும்."