கல்லில் நாலாவது பெயர்

ஆண்டவர் எனக்குக் கொடுத்த தாலந்துகளில் பெரியது, யாரும் கேட்பதற்கு முன்பே கை தூக்குவது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டியவன் நான். ஆனால் சபைக் கூட்டத்தில் "இதை யார் செய்வீர்கள்?" என்று போதகர் ஐயா கேட்டால் போதும், என் கை தானாக மேலே போய்விடும். (பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கீழே இழுப்பதுதான் என் மனைவி ரோசியின் ஊழியம்.)

பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆலயத்தின் வாசல் சுவரில் ஒரு பளிங்குக் கல் உண்டு. 'தேசத்துக்காக உயிர் நீத்த எங்கள் சபை வீரர்கள்' என்று மேலே வெட்டி, கீழே நாலு பெயர். எப்போதோ நடந்த ஒரு போருக்குப் போனவர்கள். வருஷத்தில் ஒரு ஞாயிறு அந்தப் பெயர்களை வாசித்து, ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம். அவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பழைய குடும்பங்கள் எங்கெங்கோ போய்விட்டன. இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப்போல வேலைக்காக வந்து சேர்ந்தவர்கள்.

சில வருஷங்களுக்கு முன் போதகர் ஐயா, "இந்த வீரர்களின் குடும்பத்தாரைத் தேடிப் பிடித்து நினைவு ஞாயிறன்று ஆலயத்துக்கு அழைத்து வந்தால் எவ்வளவு நல்லது!" என்றார். ரோசி அன்று காய்ச்சலாக வீட்டில் படுத்திருந்தாள். கை மேலே போய்விட்டது. அதோடு நின்றதா? "நாலு வீட்டையும் கொண்டுவந்து நிறுத்துறேன் ஐயா. இல்லைன்னா இனிமே காணிக்கைப் பை தொட மாட்டேன்" என்று வாயும் சேர்ந்துகொண்டது. காணிக்கைப் பை தூக்குவது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சபைக்கே தெரியும். அதற்கென்றே தனியாக ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறேன்.

கர்த்தர் கிருபையால் மூன்று வீடுகள் கிடைத்தன. சாலமோன் என்ற வீரரின் தங்கை அயனம்பாக்கத்தில் ஏரிப்பக்கம் இருந்தார். அண்ணன் பெயரைச் சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை. நான் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்சம் அழுதேன்.

மிச்சம் இருந்தது நாலாவது பெயர், தேவசகாயம். ஆலயத்துப் பின்னறையில் அவருடைய சீருடைப் படம் ஒன்று தூசியோடு கிடந்தது. மாதர் சங்கத்து மேரியக்கா திருநின்றவூரில் இருந்து வருகிறவர். அவர்தான் துப்புக் கொடுத்தார். "அந்தப் பேர்ல ஒரு குடும்பம் எங்களுக்கு அடுத்த தெருவுல கீது தம்பி. முன்ன நம்ம கோயில்தானாம். பழக்கம் இல்ல."

"முதல்ல போய் விசாரிங்க" என்றாள் ரோசி.

"சொல்லிட்டுப் போனா என்ன மரியாதை? தெருவே அசந்து நிக்கணும்" என்றேன்.

தெரு அசந்து நிற்பதற்காகப் பூந்தமல்லியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் கம்ப்யூட்டரில் போட்டார். பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. சீருடைப் படம். இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, மேலே புறா. கீழே, 'மாவீரர் தேவசகாயம். மலரஞ்சலி: சனிக்கிழமை காலை, அவரது இல்லத்தில்.'

"தோற்றம், மறைவு தேதி சொல்லுங்க" என்றார் பாய்.

"தெரியாது பாய்."

"எறந்தது எப்பன்னு தெரியாதா? எறந்துட்டாருன்னாவது தெரியுமா?"

"இன்னா பாய், கல்லுலயே வெட்டி இருக்கு!"

கல் என்றதும் அவரும் அடங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடைப் பையன்கள் போய், அந்தத் தெருமுனைக் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை வேனில் கிளம்பினோம். வெள்ளைப் புடவையில் மாதர் சங்கத்தார், மடியில் மலர்வளையத்தோடு நான். தெரு திரும்பியதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். கையில் மாலையோடு ஜனங்கள். 'ஆண்டவரே, இந்தக் காலத்திலும் இவ்வளவு தேசபக்தியா!' என்று வேனிலேயே ஸ்தோத்திரம் பண்ணினேன். (ரோசி என்னைப் பார்த்த பார்வையில் ஸ்தோத்திரம் இல்லை.)

வாசலில் ஐஸ் பெட்டி இறக்கிய வண்டிக்காரர், "பாடி எங்க சார் கீது? கரண்டு எங்க இருந்து எடுக்கறது?" என்று என்னைக் கேட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் நான்தான் பெரியமனுஷன் என்று நினைத்திருப்பார்.

"பாடியா? அவர் போர்ல எறந்து எத்தனையோ வருஷம் ஆச்சே."

"அப்ப ஐஸ் பெட்டி இன்னாத்துக்கு நைனா?"

அந்த நேரத்தில்தான் தெருமுனையிலிருந்து லுங்கி கட்டிய ஒரு பெரியவர், பால் பாக்கெட்டோடு மெதுவாக நடந்து வந்தார். கூட்டம் அப்படியே விலகியது. ஒருவர் கையில் இருந்த மாலை கீழே விழுந்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "யோவ் பெருசு! உன்னை உள்ள படுக்க வெச்சு இருப்பாங்கன்னு பார்த்தா, பால் வாங்கினு வர்றே?"

பெரியவர் என் கையில் இருந்த மலர்வளையத்தைப் பார்த்தார். அதில் இருந்த தன் பெயரைப் படித்தார். "தம்பி, பூந்தமல்லி கோயிலா?" என்றார். தலையாட்டினேன். "அந்தக் கல்லு இன்னும் மாத்தலையா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி கிரேஸம்மா கரண்டியோடு வந்தார். "எம் புருசனுக்கு மாலை போட வந்த மகராசன் எவன்? தெருமுனைல போர்டைப் பார்த்துட்டு தெருக்காரங்களே பந்தல் போட்டு, ஐஸ் பெட்டிக்கும் சொல்லிட்டாங்க. விடிஞ்சதுல இருந்து போன் மேல போன். என் தம்பி அரக்கோணத்துல அழுதுகினே ட்ரெயின் ஏறிட்டான்!"

நான் ரோசிக்குப் பின்னால் போனேன்.

பெரியவர்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கதையைச் சொன்னார். போரில் அடிபட்டு, எதிரியிடம் சிக்கி, வெகுநாள் கழித்துத் திரும்பியிருக்கிறார். அதற்குள் இறந்துவிட்டதாகத் தந்தி வந்து, ஊரே அழுது, கல்லும் வைத்துவிட்டார்கள். ஒரு பெயரை எடுக்க வேண்டுமானால் கல்லையே மாற்ற வேண்டும். கமிட்டி அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றது.

"கிரேஸை எனக்குப் பேசினப்ப, பொண்ணு ஊட்டுக்காரங்க கோயிலுக்கு வந்து கல்லைப் படிச்சுட்டு, மாப்பிள்ளை யாருன்னு கேட்டாங்க. வருசா வருசம் என் பேரைப் படிச்சு எல்லாரும் எழுந்து நிப்பாங்க. நானும் நிக்கணும். நிக்கலைன்னா மரியாதை இல்ல, நின்னா பசங்க சிரிக்கிறானுங்க. வேற கோயிலுக்கு மாறிட்டேன்."

"நாளைக்குத்தான் நினைவு ஞாயிறு. அதுக்கு மட்டும் வாங்க ஐயா" என்றேன். சபையில் விட்ட சவாலையும் சொன்னேன்.

"அந்தக் கல்லுல பேர் இருக்கிற வரைக்கும் இவர் அங்க வர மாட்டாரு" என்றார் கிரேஸம்மா.

"பெயரை எடுக்க வைக்கிறேன்மா!" என்று கை மேலே போனது. ரோசி பிடித்து இழுத்தாள்.

பெரியவர், "மத்தவங்க ஊட்ல இருந்து யார் வர்றாங்க?" என்று கேட்டார். சொன்னேன். சாலமோனின் தங்கை என்றதும் அவர் முகம் மாறியது. "அது இருக்குதா? சின்னப் பொண்ணு, ரெட்டைச் சடை. சாலமோன் கடைசியா எங்கூடத்தான் இருந்தான். ரேடியோ வாங்கிட்டுப் போய் தங்கச்சிக்குக் குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தான். அது அவளுக்குத் தெரியாது." பால் பாக்கெட்டைக் கிரேஸம்மா கையில் கொடுத்தார். "வரேன் தம்பி."

மறுநாள் போதகர் ஐயா ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு குடும்பமாக எழுந்தது. "நாயக் தேவசகாயம்" என்று ராணுவப் பதவியோடு வாசித்ததும் முதல் வரிசையில் பெரியவர் விறைப்பாக எழுந்து, "உள்ளேன் ஐயா!" என்றார்.

எங்கள் ஆலயத்தில் நினைவு ஞாயிறன்று சபையே சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆராதனை முடிந்த பிறகு சாலமோனின் தங்கை பக்கத்தில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார்.

கல்லை மாற்றக் கமிட்டி அன்றே சம்மதித்தது. பெரியவர் விடவில்லை. "என் பேர் அவனுங்க பக்கத்துலயே இருக்கட்டும். இப்ப எடுத்துட்டு, நான் போனப்புறம் திரும்ப வெட்டணும், எதுக்கு வீண் செலவு?"

காணிக்கைப் பை இன்றும் என் கையில்தான். ஃபிளெக்ஸ் அவர் வீட்டுத் தண்ணி மோட்டார் மேல் மழைக்குப் போர்த்தியிருக்கிறது. என் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்றுதான் வருகிறார்கள். நான் எங்காவது துக்கத்துக்குக் கிளம்பினால், "ஆள் போயிட்டாரான்னு நல்லா விசாரிச்சீங்களா?" என்கிறாள் ரோசி.

ஒவ்வொரு வருஷமும் நினைவு ஞாயிறு வரும் வாரம் எனக்கு ஒரு போன் வரும்.

"தம்பி, தேவசகாயம் பேசறேன். இன்னும் கீறேன். மாலை கீலை வாங்கிடாதே."