புளி போட்டுத் துலக்கிய ஹாட் ராட்

இந்த நிகழ்ச்சியைப் பிறர் சொல்ல நானே பல விருந்துகளில் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் நான் அந்தக் காருக்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தேன். இன்னொரு வீட்டில், அதை வாங்க வந்தவர் என்னைத் தெருக்கோடி வரை துரத்தினார். சென்ற மாதம் கேட்ட கதையில் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. ஆகவே நானே எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. என் கண்ணால் கண்டது, காதால் கேட்டது, கைப்பேசிப் படத்தில் இன்றும் இருப்பது ஆகியவை மட்டுமே இங்கே இடம்பெறும். என் மனைவி கோமதிக்குப் படித்துக்காட்டி, அவள் மறுத்த இரண்டு வாக்கியங்களையும் நீக்கிவிட்டேன். (இரண்டும் என்னைப் புகழ்ந்தவை.) ஆங்கிலத்தில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன், என் மகளுடையதைத் தவிர.

குற்றவாளி நான்தான் என்பதில் எந்தக் கதைக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஃப்ரீமான்ட் நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் ரூத். எண்பதைக் கடந்தவர். கணவர் வால்ட் மறைந்தபின், வீட்டை விற்றுவிட்டு டெக்சஸில் மகளோடு வாழப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறன்று விமானம், திங்களன்று வீடு புதியவர்களிடம் போய்விடும். கராஜில் ஒரே ஒரு பொருள்தான் போகாமல் நின்றது. வால்ட் தம் இளமையில் தம் கையாலேயே உருவாக்கிய ஹாட் ராட் அது. பழைய இரண்டு கதவுக் கூபே ஒன்றை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, பெரிய இன்ஜினைப் பொருத்தி, வேகத்துக்கென்றே மாற்றியமைத்த வண்டி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது தார்ப்பாய்க்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க கம்ப்யூட்டர் வேலை பாக்கறவர். விளம்பரம் போட்டு வித்துத் தர முடியுமா?" என்று ரூத் கேட்டார். முடியாது என்று சொல்லும் துணிவு எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. தார்ப்பாயை விலக்கிப் படம் எடுத்துப் போட்டேன். டேல் என்பவர் அழைத்தார். மூன்று மணி நேரத் தொலைவிலிருந்து, சனிக்கிழமை நண்பகலில் டிரெய்லரோடு வருவதாகச் சொன்னார்.

"வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு வேண்டுகோள். நான் வர்ற வரைக்கும் அதை ஒண்ணும் பண்ணாதீங்க."

இங்கேதான் என் வளர்ப்பு குறுக்கே வந்தது. "எங்களுக்காக ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வரும் விருந்தினருக்கு நம்மில் எவராவது ஒன்றும் செய்யாமல் இருந்ததுண்டா? அந்தச் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம் வீடுகளில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும்.

"ஏனுங்க, அந்த மனுசன் மூணு மணி நேரம் ஓட்டிட்டு வாராரு. இந்த அழுக்கையா காட்டுவீங்க?" என்றாள் கோமதி. அவள் கோபிசெட்டிபாளையத்துக்காரி.

"ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொன்னாரே."

"வர்றவங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க. அதுக்குன்னு உட்டுருவமா?"

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த எங்கள் மகள் நிலா, கைப்பேசியிலிருந்து தலையை உயர்த்தாமலே, "அப்பா, ஹி மென்ட் இட். டோன்ட் டச் த கார்," என்றாள்.

"அது மரியாதைக்குச் சொல்றதும்மா," என்று நான் அவளுக்குப் பண்பாட்டை விளக்கினேன். (அந்த விளக்கத்தை அவள் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அழிக்க மறுக்கிறாள்.)

சனிக்கிழமை காலை, உள்ளே பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த ரூத்திடம், "வண்டியைக் கொஞ்சம் துடைக்கட்டுமா?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம்," என்றார். துடைப்பது என்றால் அவர் ஈரத்துணியை நினைத்திருப்பார். கோமதியோ, மௌரி அவென்யூ மளிகைக் கடையில் வாங்கிய புளியில் பாதியைக் கரைத்து வைத்திருந்தாள். ரேடியேட்டரின் பித்தளைக்குப் புளி, உடம்புக்குப் பாத்திரம் தேய்க்கும் பொடி, இடுக்குகளுக்குத் தேங்காய் நார். தீபாவளிக்கு முன்தினம் குத்துவிளக்குக்குக்கூட நாங்கள் அவ்வளவு உழைத்ததில்லை. ஓட்டுநர் பக்கக் கதவில், பொடியும் தூசியும் குழைந்த சேற்றுக்கடியில், வெளிர்மஞ்சளாக ஒரு கறை படர்ந்திருந்தது. அது பிடிவாதம் பிடித்ததால் நானும் பிடித்தேன். அரைமணி நேரத்தில் கறை தோற்றது. நிறைவாக, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள் கோமதி.

டேல் வந்தார். காரைப் பார்த்தவுடன் தொப்பியைக் கழற்றினார். இழவு வீட்டில் கழற்றுவதுபோல் கழற்றுகிறார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

"தூசி எங்கே?"

"கழுவிட்டோம்," என்றேன், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில்.

"நாற்பது வருஷத் தூசி."

"ஆமாம். லேசுல போகலை."

அவர் மெல்ல நடந்து ஓட்டுநர் பக்கக் கதவின் முன் நின்றார். "பேர் எங்கே?"

"எந்தப் பேர்?"

தம் கைப்பேசியை நீட்டினார். நான் எடுத்த படம்தான். ஆனால் நான் அதை ஒருநாளும் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. கதவின் நடுவில், தூரிகையால் கையெழுத்தாகவே தீட்டியிருந்தது: நான்சி.

"வண்டி எங்கே வேணா கிடைக்கும். ஒரு பையன் கையால எழுதின இந்தப் பேர் கிடைக்காது. இதுக்காகத்தான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு, தம் டிரக்கை நோக்கி நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். (துரத்தியவன் நான், அவர் அல்லர்.) "நானே எழுதிக் கொடுத்துடறேன் சார்! என் கையெழுத்து நல்லா இருக்கும்!"

"ஏனுங்க," என்று பின்னாலிருந்து கோமதியின் குரல் கேட்டது, "வாயை மூடிட்டுச் சித்த நில்லுங்க."

ஓசை கேட்டு ரூத் வெளியே வந்தார். மறுநாள் விமானம் ஏற வேண்டியவர். கராஜில் வண்டி நிற்கிறது. வாங்க வந்தவர் டிரக்கின் கதவைத் திறந்துவிட்டார். எல்லாம் என் நாராலும் பொடியாலும். "மன்னிக்கணும் ரூத். கதவுல இருந்த பேரை அழிச்சிட்டேன்," என்றேன்.

அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு கதவருகே போனார். அந்த இடத்தை விரலால் தடவினார். அழப்போகிறார் என்று அஞ்சினேன்.

"முழுசாப் போயிடுச்சா?"

"முழுசா."

கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

"நான்சி எனக்கு முன்னாடி வால்ட்டோட சிநேகிதி. அந்தப் பேரை அழிச்சாத்தான் இந்த வண்டியில ஏறுவேன்னு சொன்னேன். அழிக்க மாட்டேன்னார். நானும் விடலை, அவரும் விடலை. ஒருநாள் கராஜுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டார். அதுக்கப்புறம் நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்லை. எதை வச்சு அழிச்சீங்க?"

"தேங்காய் நார்," என்றேன்.

"நாப்பத்தி மூணு வருஷத்துக்கு முன்னாடியே உங்களைத் தெரிஞ்சிருக்கணும்."

டேல் டிரக்கின் கதவைப் பிடித்தபடியே இவ்வளவையும் கேட்டிருந்தார். பிறகு அதைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். விலையைச் சற்றே குறைத்துக் கேட்டார். ரூத் உடனே ஒப்புக்கொண்டார். "கதவு இப்படியே இருக்கட்டும். நான் ஒண்ணும் எழுதப் போறதில்லை," என்றார் டேல்.

இன்ஜின் இயங்காது. டிரெய்லர் வரை தள்ளித்தான் ஆக வேண்டும். டேல் சன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்தார். நானும் கோமதியும் பின்னால் நின்றோம். "ஒரு நிமிஷம்," என்று ரூத் மறுபக்கம் போனார். கதவைத் திறந்து ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக அமர்ந்தார். தள்ளினோம். கராஜிலிருந்து தெரு வரை முப்பதடி இருக்கும். பாதி வழியில் உள்ளேயிருந்து அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது: "இந்த வேகத்துக்கா இவ்வளவு பெரிய இன்ஜின் வச்சார்?"

அன்றுமுதல் எங்கள் வீட்டுக்கு வரும் எவரும் "ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தொலைபேசியை நிலா வாங்கிக்கொள்வாள். "அங்கிள், ரியல் டோன்ட்டா, தமிழ் டோன்ட்டா?" என்று கேட்டுத் தெளிந்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க அனுமதிப்பாள்.

நான்சி யார், எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெயரை அழிக்க வால்ட் ஏன் மறுத்தார் என்பது ரூத்துக்கும் தெரியாது. டெக்சஸிலிருந்து அவர் பேசியபோது கேட்டேன். அவர் காரணத்தைக் கணவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம்.