நட்சத்திரம் போடும் விருந்தாளி

விருந்தாளிகளில் பல வகை உண்டு. வந்தால் கிளம்பாதவர், கிளம்பினால் குளியலறைத் துண்டையும் சேர்த்து எடுத்துப் போகிறவர், ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டுவிட்டுக் காலையில் தூக்கமே வரவில்லை என்கிறவர். இவர்களை எல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத வகை ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. நட்சத்திரம் போடும் விருந்தாளி.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். கட்டிலில் உட்காருவதற்கு முன் மெத்தையைத் தூக்கி அடியில் பார்ப்பார். ஜன்னல் விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தலையணையை மோந்து பார்ப்பார், குழாயைத் திறந்து மூடுவார், திரும்பத் திறப்பார். தன் சொந்த வீட்டில் டம்ளரைக் கழுவி வைக்காவிட்டால் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆசாமிதான். அடுத்தவர் வீட்டு வாசல்படி ஏறியதும் மகாராஜா ஆகிவிடுகிறார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று வேண்டுமானால் ஒரகடத்துக்கு வாருங்கள். பெயர் மணிகண்டபிரபு, கோயம்புத்தூர்க்காரர். ஒரு கார் கம்பெனியின் ஆடிட்டர். கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் இல்லை. தன் கம்பெனிக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற சின்ன ஃபேக்டரிகளுக்குப் போய், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். மகா நேர்மையானவர். ஃபேக்டரிக்காரர்கள் எடுத்துக் கொடுக்கும் ஓட்டல் அறையில் தங்கினால் நேர்மை கெட்டுவிடும் என்று வீட்டு அறைகளை நாள் வாடகைக்குப் பிடித்துத் தரும் செல்போன் ஆப்பில் தேடி, வாலாஜாபாத் போகிற வழியில் சரோஜா என்பவருடைய வீட்டு மாடியில் வந்து தங்குவார். அதே ஃபேக்டரிக்காரர்கள் வாங்கிப் போடும் மட்டன் பிரியாணியால் நேர்மை கெடாது. அது மத்தியானச் சாப்பாடு.

முதல் தடவை வந்தபோது அவர் கேட்டது வெந்நீர். சரோஜா ஹீட்டர் போட்டுக் கொடுத்தார். அடுத்த தடவை ஏசி. அதற்கடுத்த தடவை வெள்ளை விரிப்பு, கெட்டியாக ஒரு தலையணை, மெத்தென்று ஒரு தலையணை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தலையணை. பிறகு, கீழே மிளகாய் வறுக்கிற நெடி மேலே வரக் கூடாது. பக்கத்துக் கொல்லையில் ஆடு கத்தக் கூடாது. எதைக் கேட்டாலும் அதற்கு முன்னால் ஒரு தேன் தடவுவார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. சொந்த அக்கா மாதிரி நினைச்சுத்தான் சொல்றேனுங்க.”

சொந்த அக்காவிடம் சொல்லிப் பார்க்கட்டும்! ஒருநாள் வெந்நீர் ஆறிப்போயிருந்தது. ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டால் எந்தக் கோளாறுக்கும் மூலகாரணம் வெளியே வந்துவிடும் என்று அவருக்குக் கம்பெனியில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

“தண்ணி ஏன் ஆறிடுச்சு?”

“கரண்டு பூடுச்சு சார்.”

“கரண்டு ஏன் போச்சு?”

“மழை சார்.”

“மழை ஏன்...”

“ஐப்பசி மாசம் சார். பெய்யாம இன்னா பண்ணும்?”

அன்றைக்கு ஆப்பில் மூன்று நட்சத்திரம் விழுந்தது. ‘ரசம் தினமும் ஒரே ருசியில் இல்லை. சீர்மை போதாது’ என்று கூடவே ஒரு குறிப்பு.

மற்றவர் என்றால் இந்த மனிதருக்குக் கதவையே திறந்திருக்க மாட்டார்கள். சரோஜா திறந்தார், சிரித்தார், மூன்று தலையணையும் எடுத்து வைத்தார். காரணம் இருந்தது. அவருடைய கணவர் திருமலை, மணிகண்டபிரபு ஆடிட்டுக்குப் போகிற ஃபேக்டரி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். மேலேயிருந்து இறங்கி இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கிற மிஷின். கை உள்ளே இருந்தால் அடி விழாமல் நிறுத்த அதில் ஒரு சென்சார் இருந்தது. அது அடிக்கடி நிறுத்துகிறது, உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றிவிட்டார். திருமலை கான்ட்ராக்ட் ஆள். வாயைத் திறந்தால் மறுநாளிலிருந்து கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஷிப்டுக்குப் போகிற கணவர் பத்து விரலோடு திரும்ப வேண்டுமே என்று வாசலிலேயே பார்த்துக்கொண்டு நிற்கிற பெண், தலையணையா கொடுக்க மாட்டார்?

ஆடிட் அன்று காலை, இட்லி வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

“சார், எங்கூட்டுக்காரரு மிஷின்ல சென்சார கயட்டி வெச்சிகீறாங்க. கை உள்ள மாட்டுனா அவ்ளோதான் சார். இன்னிக்கு நீங்க போவச்சொல்ல, தானா பாத்த மாதிரி ஒரு வார்த்தை கேளுங்க. எங்க பேரு மட்டும் வேணாம்.”

மணிகண்டபிரபு இட்லியைப் பிட்டு, உள்ளே பார்த்து, மெதுவாக மென்றார்.

“அதெல்லாம் என் ஸ்கோப்ல வராதுங்க அக்கா. நான் பார்ட் குவாலிட்டி மட்டும்தான். தப்பா எடுத்துக்காதீங்க, இட்லி நேத்து இதைவிட சாஃப்டா இருந்துச்சு.”

போனார். ஃபேக்டரி வாசலில் மாலை, இளநீர், சந்தனம். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குள் நடந்து எல்லாவற்றையும் பார்த்தார். திருமலையின் மிஷினைத் தார்ப்பாய் போட்டு மூடி, ‘பராமரிப்பில் உள்ளது’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். சரோஜா வீட்டு மெத்தையைத் தூக்கிப் பார்த்த கை, அந்தத் தார்ப்பாயின் ஓரத்தைக் கூடத் தொடவில்லை. பிரியாணிக்குப் பிறகு கையெழுத்து விழுந்தது. அவர் கார் கேட்டைத் தாண்டியதும் தார்ப்பாயை எடுத்துவிட்டு மிஷினை ஓட்டச் சொன்னார்கள்.

ரொம்ப நாள் ஆகவில்லை. திருமலையின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃபேக்டரி திரும்பக் கூப்பிடவில்லை. எனக்கு எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

மணிகண்டபிரபு மறுபடி வந்தார். சரோஜா மாடிப்பக்கமே போகவில்லை. திருமலைதான் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையில் காபி கொண்டுபோனார்.

“என்னங்கண்ணா கையில?”

“மிஷின்ல மாட்டிக்கிச்சு சார்.”

“அடடா. பார்த்து வேலை செய்யக் கூடாதுங்களா?”

ஆறிப்போன தண்ணீருக்கு மழை வரைக்கும் போனவர், இதற்கு ஒரே ஒரு ஏன் கூடக் கேட்கவில்லை. காபியைக் குடித்தார். ஊருக்குப் போகிற வழியில் ஆப்பைத் திறந்து எழுதினார்: ‘அறை சுத்தம். தலையணை திருப்தி. காபி கொண்டுவருகிறவர் கையில் கட்டு இருக்கிறது, பார்த்துவிட்டுக் குடிக்கச் சங்கடமாக இருக்கிறது. வேறு ஆள் போடலாம். மூன்று நட்சத்திரம்.’

இவ்வளவு நேரமும் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்திருப்பீர்கள். திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இருந்தாலும் புதுக் கார் எடுத்த அன்று ஷோரூமில் நீங்கள் செய்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, கண்ணைச் சுருக்கி, பின்கதவில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறலைக் கண்டுபிடித்து, மேனேஜரை வரவழைத்து, ஊரெல்லாம் பார்க்கிற மாதிரி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுவேன் என்று மிரட்டினீர்களே. அந்தக் கதவுத் தகட்டை அடித்த ஆளுக்குக் கையில் எத்தனை விரல் மிச்சம் என்று கேட்டீர்களா? கீறல் போய்விடுமா என்றுதான் கேட்டீர்கள்.